பாதிச் சம்பளம்

கரிக்கலாம்பாக்கம்,
3.6.2024

என்னங்க,

போனில் சொன்னால் நடுவில் பேசுவீர்கள். அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். எங்கள் சோப்பு கம்பெனியை மூடிவிட்டார்கள். கடைசி நாள் ஆளுக்கு ஒரு பெட்டி சோப்பு கொடுத்தார்கள். இந்த வருடம் முழுக்க நம் வீட்டில் மல்லிகை வாசனைதான்.

பயப்படாதீர்கள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தார்களே, அதில் வேலை போனவர்களுக்கு மூன்று மாதம் பாதிச் சம்பளம் உண்டாம். மனு போடப்போகிறேன். அதற்குள் வேறு வேலை தேடிக்கொள்வேன். அத்தை சுகம்.

உங்கள் செல்வி


மஸ்கட்,
5.6.2024

செல்விக்கு,

போனா போவுது வுடு. இந்த வயசுல இன்னாத்துக்கு அலையற? வூட்டுல இரு, அம்மாவைப் பாத்துக்க. நான் சம்பாதிக்கல? ஈ.எஸ்.ஐ.யில ஒரு தலைவலி மாத்திரைகூட நீ வாங்கினதில்ல. வீணாப் புடிக்கிறானுங்கன்னு நான் அப்பவே சொன்னேன். நாலு சோப்பு எனக்கு எடுத்து வை.

தங்கவேல்


கரிக்கலாம்பாக்கம்,
22.8.2024

என்னங்க,

ஈ.எஸ்.ஐ. பணம் போன மாதமே வந்துவிட்டது. ஒன்று சொல்லட்டுமா? அது வராமல் போயிருந்தால் ‘வூட்டுல இரு’ என்றதற்குத் தலையாட்டியிருப்பேன். பஸ் காசுக்குக்கூட உங்களைக் கேட்கும் நாள் வந்தால் நான் வேறு யாரோ ஆகிவிடுவேனோ என்று உள்ளுக்குள் ஒரு பயம். நீங்கள் இல்லையென்று சொல்பவரில்லை. ஆனாலும் கேட்க வேண்டுமே.

அந்தப் பணம் கையில் இருந்ததால் கிடைத்த வேலைக்கெல்லாம் ஓடாமல் நிதானமாகத் தேடினேன். வில்லியனூரில் ஒரு மருந்து கம்பெனியில், படித்த படிப்புக்கேற்ற பரிசோதனை வேலை. திங்கட்கிழமை சேருகிறேன். கோபமென்றால் எழுதுங்கள், திட்டையும் படமெடுத்து அனுப்புங்கள்.

செல்வி


மஸ்கட்,
2.10.2024

செல்வி,

கோவம் இல்ல. கோவப்பட இப்ப எனக்கு யோக்கியதையும் இல்ல. எங்க சைட்டை மூடிட்டானுங்க. பதினஞ்சாம் தேதி வரேன். உன்னை வூட்டுல இருன்னு சொன்னேன்ல, இப்ப நானே வந்து உக்காரணும்னு நெனச்சா கூச்சமா இருக்குது. உன் ஈ.எஸ்.ஐ.ல எனக்கு எதனா தருவாங்களா? சும்மாதான் கேட்டேன்.

தங்கவேல்


கரிக்கலாம்பாக்கம்,
4.10.2024

என்னங்க,

விசாரித்தேன். இங்கே ஈ.எஸ்.ஐ. கட்டாதவருக்கு ஒன்றும் கிடையாதாம்.

அதனால் நான் தருகிறேன். மூன்று மாதம், என் சம்பளத்தில் பாதி, உங்கள் கையில். டீ குடித்தீர்களா, சீட்டு ஆடினீர்களா என்று கேட்க மாட்டேன். வேலை மட்டும் தேட வேண்டும். காலையில் எனக்கு டிபன் பாக்ஸ் கட்டித்தர வேண்டும். “அவன் கொழம்பை யாரு துன்றது?” என்கிறார் அத்தை. அதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கம் வாழ்நாளில் ஒரு முறைதான் தருமாம். நான் அப்படியெல்லாம் சட்டம் போடவில்லை.

உங்கள் நாலு சோப்பும் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. கூச்சப்படாமல் வாருங்கள்.

உங்கள் செல்வி