படகை அழுத்திப் பாருங்கள்

நாள் 203. 07:10. காற்றழுத்தம் 98. நிலை: சரி.

பெயர் தாசையன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மிஷின் எழுதுகிறது, கேட்டால் படித்தும் காட்டும். மேலே உள்ள வரியை அது தானாகப் போட்டுக்கொள்கிறது. அது என் பேச்சு இல்லை.

செவ்வாயில் ஒரு குகை. வாயைக் கதவால் அடைத்து உள்ளே காற்று நிரப்பியிருக்கிறார்கள். நடுவில் உப்பு ஏரி. இந்தக் கரையில் நானும் செடிகளும். அந்தக் கரையில் பாறை துளைக்கும் ஜெசிந்தா டாக்டர். மற்ற ஐந்து பேரும் பெரிய முகாமுக்குப் போயிருக்கிறார்கள். நாள் 216 அன்று திரும்புவார்கள்.

இங்கே ஒரு மஞ்சள் பூச்செடியின் வேரில் ரப்பர் பால் இருக்கிறது. அம்மோனியா கலந்தால் உறையாது. குழாய் மூட்டு, கதவு விளிம்பு எல்லாவற்றுக்கும் அதைப் பூசித்தான் காற்றைக் காக்கிறோம். குலசேகரத்தில் ஐம்பது வருடம் ரப்பர் வெட்டியவன் என்று என்னைக் கொண்டுவந்தார்கள்.

இன்று கதவு விளிம்பு பூசினேன். அரை டப்பா மிஞ்சியது. மூடி திறந்தால் அம்மோனியா பறந்து, பால் காலையில் கட்டியாகிவிடும். மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டையில் ஒட்டியதைக்கூட உரித்தெடுத்துப் பழகிய கை எனக்கு, கொட்ட மனம் வராது. சுவரோரமாக நடந்து கண்ணில் பட்ட பொத்தலையெல்லாம் அடைத்தேன். பதினொன்று. கதவுக்கு வலது பக்கம் ஒரு தகட்டில் கடுகளவு ஒன்று இருந்தது. காதை வைத்தால் மூச்சு விடுவதுபோல் இருந்தது. கீழே ஏதோ எழுதியிருந்தது. அதற்கு மட்டும் இரண்டு பூச்சு.

நாள் 205. 16:30. காற்றழுத்தம் 98. நிலை: சரி.

டாக்டரின் மோட்டார் தெப்பம் பாறையில் மோதிக் கவிழ்ந்தது. நீந்திக் கரையேறியிருக்கிறார். வயர்லெஸ்ஸில் வந்தார்.

"தாசையண்ணே, வலது கால் ஒடிஞ்சு போச்சு. எலும்பு வெளிய தெரியுது. மருந்துப் பெட்டி தண்ணிக்குள்ள போச்சு. நீரு வந்து ஏத்தாம நான் அனங்க முடியாது, கேட்டீரா?"

வேறு தெப்பம் இல்லை. ஸ்டோரில் முதல் வருடத்து ரப்பர் படகு மடித்துக் கிடந்தது. விரித்தேன். மடிப்பெல்லாம் வெடித்திருக்கிறது. காற்றடித்தால் கால் மணி நேரத்தில் படுத்துவிடுகிறது.

நாள் 206. 11:00. காற்றழுத்தம் 98. நிலை: சரி.

சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தேன். குமிழி வந்த இடம் இருபத்து மூன்று. எழுதி வைக்க எனக்கு வழியில்லை, வேண்டியதும் இல்லை. மூக்கில் நாலு, இடது வயிற்றில் ஒன்பது, வலதில் ஏழு, அடியில் இரண்டு, காற்றடிக்கும் வாயில் ஒன்று. சொல்லிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

உப்பைக் கழுவி, உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினேன். என் வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு பொத்தலிலும் ஒரு துண்டு. மேலே முதல் பூச்சு. தடித்துப் பூசினால் மேலே தோலாகி உள்ளே பச்சையாக நிற்கும். மெல்லிசாகப் பூசிக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் முடியவில்லை. எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், தொட்டுப் பார்க்கிறேன், விரலில் ஒட்டுகிறது.

நாள் 207. 13:20. காற்றழுத்தம் 98. நிலை: சரி.

இரண்டாவது பூச்சு. டாக்டருக்குக் காய்ச்சல். இருந்தும் நாக்கு அடங்கவில்லை.

"நீரு படகுக்குப் பூசுதீரா, இல்ல கல்யாணப் பொண்ணுக்குச் சந்தனம் பூசுதீரா? சீக்கிரம் வாரும். ஒண்ணு சொல்லணும் அண்ணே, இஞ்ச நல்ல காத்தாக்கும். நம்ம ஆரல்வாய்மொழிக் காத்து மாதிரி முதுகுல அடிக்குது. சொகமா இருக்குது."

சந்தோஷம் என்று சொன்னேன்.

நாள் 208. 08:00. காற்றழுத்தம் 98. நிலை: சரி.

மூன்றாவது பூச்சும் காய்ந்தது. ஒட்டாமலிருக்க முகப்பவுடர் தூவினேன். நேற்று மாலை காற்றடித்து, கட்டைவிரலால் அழுத்தினேன். நகம் முழுக்கப் புதைந்தது. காலையில் அழுத்தினால் பாதி நகம்தான் போகிறது. சொட்டுக் காற்று இறங்கவில்லை, இன்னும் விறைத்திருக்கிறது. இப்படி ஒரு பூச்சு நான் பூசியதில்லை. ஒரு நாள் முழுக்க நின்றால்தான் ஆளை ஏற்றலாம், அதனால் நாளை வரை பார்க்கிறேன்.

சோறு வேகவில்லை. உலை சீக்கிரம் கொதிக்கிறது, அரிசி விறைப்பாகவே கிடக்கிறது. அரிசி மோசம். காது இரண்டும் அடைத்திருக்கிறது.

நாள் 209. 06:40. காற்றழுத்தம் 98. நிலை: சரி.

தூக்கம் இல்லை. நெஞ்சில் ஒரே வெப்ராளம், படபடப்பு. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. படகை அழுத்தினேன். நகம் புதையவே இல்லை. பாறை மாதிரி இருக்கிறது.

நான் காற்றடிக்கவில்லை. பின் எப்படி இறுகும்?

மூணாறுக்கு பஸ்ஸில் போனது நினைவுக்கு வந்தது. என் இளைய மகன் மடியில் ஒரு சிப்ஸ் பாக்கெட். மலை ஏற ஏற அது தலையணைபோல் உப்பியது. யாரும் ஊதவில்லை. அன்று இரவு அங்கே சோறும் வேகவில்லை. டிரைவர் சொன்னான், மேலே காற்று கம்மி, அதான் உள்ளே இருக்கிற காற்று தள்ளுகிறது என்று. காதும் அடைத்திருந்தது.

படகில் காற்று கூடவில்லை. குகையில் காற்று குறைகிறது.

நாள் 209. 07:25. காற்றழுத்தம் 98. நிலை: சரி.

பெரிய முகாமைக் கூப்பிட்டேன். சுதீர் என்கிற பையன் டியூட்டியில் இருந்தான்.

"பெரியவரே, உங்க அளவு இங்கயும் தெரியுது. தொண்ணூத்தெட்டு. வழக்கமா ஒண்ணு ரெண்டு ஏறி இறங்கும், இந்த ஒரு வாரமா ஆடாம அசையாம நிக்குது. அவ்வளவு அருமையா இருக்கு. தனியா இருக்கீங்க, மனசு அப்படித்தான் அலையும். டாக்டரக் கூட்டிட்டு வந்து பத்திரமா இருங்க. புழுதிப் புயல் வருது, இனி நாங்க வர்ற வரைக்கும் லைன் இருக்காது."

பேசிக்கொண்டிருக்கும்போதே இரைச்சலாகி அறுந்துவிட்டது.

மிஷினிடம் கேட்டேன்: இந்தத் தொண்ணூற்றெட்டை எங்கே பார்த்துச் சொல்கிறாய்? அது சொன்னது: "கதவுக்கு வலப்புறம், அளவுத் தகடு, ஊசித் துளை."

கடுகளவு. இரண்டு பூச்சு.

நாள் 209. 08:10. காற்றழுத்தம் 98. நிலை: சரி.

பூச்சை உரித்தேன். ஒரு ஊசியை உள்ளே விட்டேன். நுனியில் ரப்பர் நூல் வந்தது, அறுந்தது. பால் துளைக்குள் இறங்கி உறைந்திருக்கிறது. எண் அசையவில்லை. அன்றைய காற்றை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். மிஷின் அதைத்தான் தினமும் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அபாய மணி அடி என்றேன். "அளவு சரியாக உள்ளது. காரணம் இல்லை" என்றது. மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அதே மரியாதை.

குகைக்குள் காற்று அடிக்காது. டாக்டர் முதுகில் அடித்தது ஊர்க் காற்று இல்லை, வெளியே ஓடுகிற காற்று. அந்தப் பக்கம்தான் எங்கோ பாறை விட்டிருக்கிறது. இனி காத்திருக்க முடியாது. போகிறேன்.

நாள் 209. 15:50. காற்றழுத்தம் 98. நிலை: சரி.

மிஷின் என் பேச்சைக் கேட்கும் குரல் பெட்டியைக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். ஏரி நடுவில். துடுப்புப் போட்டால் கண் இருட்டுகிறது. பத்து போடு, நிறுத்து, பத்து போடு.

படகு முறுக்கிக்கொண்டு கிறீச் என்கிறது. இடது வயிற்றில் மூன்றாவது ஒட்டு விளிம்பில் வெளுக்கிறது. காற்று வாயையும் சேர்த்துப் பூசியவன் நான்தான். பால் வெட்டும் கத்தியால் அதைக் கீறித் திறந்து கொஞ்சம் காற்றை வெளியே விட்டேன். நகம் புதையும் வரை. பிறகு டப்பாவில் கொண்டுவந்த பாலை வைத்து அடைத்தேன்.

நாள் 209. 19:30. காற்றழுத்தம் 98. நிலை: சரி.

டாக்டர் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு இருக்கிறது, பேச்சு இல்லை. நெற்றி கொதிக்கிறது. கூப்பிட்டபோது உதடு மட்டும் அசைந்தது.

"அண்ணே... காத்து நிக்கல..."

அவ்வளவுதான் சொன்னார்.

துளைத்த இடத்துக்கு மேலே பாறையில் கீறல். ஒரு தென்னை நீளம் இருக்கும். கையை வைத்தால் இழுக்கிறது. டப்பாவில் ஒரு கை ஆழம்தான் பால். சுவருக்குப் பூசினால் எட்டில் ஒரு பங்குகூட மூடாது. மூடியை அழுத்திப் போட்டேன். இந்தப் பால் வேறொன்றுக்கு. டாக்டரைப் படகில் ஏற்றினேன்.

நாள் 210. 05:15. காற்றழுத்தம் 98. நிலை: சரி.

வந்து சேர்ந்தோம். எப்படி என்று கேட்க வேண்டாம். இருபத்து மூன்று ஒட்டும் பிடித்தது.

செடி இருக்கும் பால் அறை சின்னது. ஒரே கதவு. செடி மூச்சு விடும். முதலுதவி ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று இருக்கிறது. டாக்டரின் காலுக்கு மருந்தும் கட்டும் போட்டாயிற்று. நாங்கள் உள்ளே போய், கதவு இடுக்கை உள்ளிருந்து பூசப் போகிறோம். மிச்சப் பால் அதற்குச் சரியாக இருக்கும்.

வருகிறவர்களுக்கு எப்படிச் சொல்வது? நீங்கள் தொண்ணூற்றெட்டைப் பார்ப்பீர்கள். எங்களைத் தேடுவீர்கள். கதவை இழுப்பீர்கள். உள்ளே இருக்கிற காற்று ஒரே மூச்சில் வெளியே போகும்.

டாக்டருக்கு விழிப்பு இருந்தால் எழுதியிருப்பார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உள்ளங்கையைப் பாலில் முக்கிக் கதவில் பதித்தேன், நில் என்பதுபோல. வெள்ளையாக நன்றாகத் தெரிந்தது.

நாள் 210. 06:30. காற்றழுத்தம் 98. நிலை: சரி.

கை காய்ந்துவிட்டது. பால் காய்ந்தால் நிறம் போய்க் கண்ணாடியாகும். ஐம்பது வருடமாகத் தெரிந்தது, இப்போது எப்படி மறந்தது? கதவில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு கை பதித்தால் இடுக்குக்குப் பால் போதாது.

அதனால் படகு. பால் அறைக் கதவுக்குக் குறுக்கே நிறுத்தியிருக்கிறேன். அதை நகர்த்தாமல் யாரும் கதவைத் தொட முடியாது. மறுபடி கொஞ்சம் காற்றை வெளியே விட்டு, நகம் புதையும்படி வைத்திருக்கிறேன். குரல் பெட்டியை அதன் மூக்கில் மாட்டுகிறேன்.

மேல் வரியை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். அது பொய். பொய்யாக்கியவன் நான். வேணுமென்று செய்யவில்லை, பால் வீணாகக்கூடாது என்று செய்தேன்.

படகைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். புதையாவிட்டால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். கதவைத் திறக்காதீர்கள். முதலில் குகையில் காற்று நிரப்புங்கள். சுவரில் மூன்று தட்டுத் தட்டுங்கள். வெளியே சத்தம் கேட்டால் நானும் மூன்று தட்டுவேன்.

டாக்டர் முனகுகிறார். உள்ளே போகிறேன்.

நாள் 213. 02:44. காற்றழுத்தம் 98. நிலை: சரி.

குரல் இல்லை. ஒலி: வெடிப்பு, ஒன்று. இடம்: படகு.

நாள் 213. 02:46. காற்றழுத்தம் 98. நிலை: சரி.

குரல் இல்லை. ஒலி: பால் அறைச் சுவரில் தட்டல், மூன்று.

நாள் 213. 02:51. காற்றழுத்தம் 98. நிலை: சரி.

குரல் இல்லை. ஒலி: தட்டல், மூன்று.

நாள் 216. 09:05. காற்றழுத்தம் 98. நிலை: சரி.

வெளிக்கதவில் ஆட்கள்: ஐந்து. நல்வரவு. ஹெல்மெட்டைக் கழற்றலாம். எல்லாக் கதவுகளையும் திறக்கலாம்.