வாசல் கத்தாழை

அத்தை,

நல்லாத் தூங்குறீங்க, எழுப்பல. நான் பரளச்சிக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். சோறும் புளிக்குழம்பும் மூடி வச்சிருக்கேன்.

போன ஆடியில கஞ்சி வடிக்கையில என் கை வெந்தப்ப, வாசல்ல திருஷ்டிக்குத் தொங்குற கத்தாழையில ஒரே ஒரு மடல் கேட்டேன். "அத அறுத்தா வீட்டுக்குக் கண்ணு பட்டுரும், பேசாமக் கெட"ன்னீங்க. தழும்பு அப்படியே இருக்கு.

நேத்து எண்ணெய் தெறிச்சு உங்க கை வெந்துச்சு. கத்தாழைச் சதையை அலசி, துணியில தடவிக் கட்டிவிட்டேன். "குளுகுளுன்னு இருக்குடி மகராசி"ன்னீங்க.

வாசலை நிமிந்து பாருங்க. வெறும் கயிறுதான் தொங்குது.

கட்டைப் பிரிச்சு எறியத் தோணுச்சுன்னா தண்ணியில நனைச்சுப் பிரிங்க. காஞ்ச துணியை இழுத்தா தோலும் சேந்து வரும். எனக்குத் தெரியும்.

தங்கச்செல்வி

மோரு அடுக்குப்பானையில இருக்கு. வீட்டுக்குக் கண்ணு பட்டுச்சான்னு ஞாயித்துக்கெழம வந்து கேட்டுக்கிறேன்.