மாத்தியாச்சு என்று சொன்ன மவுண்டிங்

இல்லை, விற்கவில்லை. விற்றுவிடு என்று மாமா இரண்டு முறை சொல்லிவிட்டார். ஆள்கூடப் பார்த்து வைத்திருக்கிறார். வண்டி வாசலில்தான் நிற்கிறது. இந்தத் தாளுக்குப் பக்கத்தில், மேசைமேல், உள்ளங்கை அகலத்தில் ஒரு லாரி டயர்த் துண்டு. நீ வெட்டியது. கத்தி இரண்டு இடத்தில் வழுக்கியிருக்கிறது. எண்ணெயில் ஊறிய ரப்பரின் வாசம் நேற்றிலிருந்து அறையில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை.

அண்ணே, இதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று உனக்குத் தெரியும்.

அம்மா இரண்டு டயாலிசிஸை விட்டுவிட்டாள். நீ போன பிறகு ஒரு மாதம் பேசாமல் வந்தாள். நான் ஓட்டினேன், அவள் பின்சீட்டில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். போன வெள்ளிக்கிழமை காலையில் செருப்பைப் போட்டவள் திரும்பக் கழற்றினாள்.

"நான் வரல. இந்த வண்டி குலுக்குற குலுக்கல்ல கொடலு வாய்க்கு வருது."

ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றேன். பக்கத்து வீட்டுக் காரைக் கேட்கிறேன் என்றேன்.

"அடுத்தவங்க வண்டியில நான் ஏற மாட்டேன். நம்ம வண்டி குலுங்காம ஓடட்டும். வாரேன்."

திங்கட்கிழமையும் போயிற்று. கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடி தூங்குகிறாள். தூங்குகிறாளா என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். யூனிட்டிலிருந்து சிஸ்டர் போன் செய்தாள். "புதன்கிழமையும் விட்டீங்கன்னா இங்க வராதீங்க. நேரா கேஷுவாலிட்டிக்குப் போயிருங்க."

இன்று புதன்.

நீ ஓட்டும்போதும் வண்டி குலுங்கியது. சிக்னலில் நின்றால் கண்ணாடியில் எதிர்க்கடைப் பெயர்ப்பலகையின் எழுத்தெல்லாம் நடுங்கும். கிளட்சை விட்டால் முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். நீ பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துச் சொல்வாய்: "ஒரு செம்புத் தயிர மடியில வச்சுக்கம்மா. டவுனுக்குள்ள போறதுக்குள்ள வெண்ணெய் திரண்டுரும்." அம்மா உன் தோளில் அடிப்பாள். "போடா எருமை, ரோட்டப் பாத்து ஓட்டு." விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நான் முன்சீட்டில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

பிறகு ஒருநாள் ஹாஸ்டலில் இருந்து போனில் கேட்டேன், வண்டி எப்படி இருக்கிறது என்று.

"மவுண்டிங் மாத்தியாச்சு. புஷ்ஷும் மாத்தியாச்சு. நீ படி."

நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

நேற்று, விளாங்குடி தாண்டி இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். தகரக் கூரை, பக்கத்திலேயே டீக்கடை. மெக்கானிக் பானட்டைத் திறந்து, என்னை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி, இன்ஜின் துள்ளுவதைப் பார்த்தார். பிறகு அடியில் படுத்தார். அடியில் இருந்தபடியே கேட்டார்.

"ஏந்தாயி, இத யாரு சொருகுனது?"

"எங்க அண்ணன்."

"மெக்கானிக்கா?"

"பார்சல் ஆபீஸ்ல சூப்பர்வைசர்."

"அதான பாத்தேன். பார்சல் கட்டுன மாதிரியே கட்டிருக்காரு." வெளியே தலையை நீட்டி டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார். "மாப்ள, இங்கிட்டு வந்து பாரு. இன்ஜினுக்குச் செருப்புத் தச்சிருக்காய்ங்க."

டீக்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "எத்தனாம் நம்பர் செருப்பு மாப்ள?"

இருவரும் சிரித்தார்கள். அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. நானும் சிரித்தேன், அண்ணே. ஒரு மாதத்துக்குப் பிறகு உன்னைப் பற்றி யாரோ ஒருவர் உயிரோடிருப்பவரைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்.

கை துடைத்துக்கொண்டு அவர் விளக்கினார். "மூணு மவுண்டிங்தான் இன்ஜினத் தாங்குது. ஒண்ணுல ரப்பர் கிழிஞ்சிருச்சு. கிழிஞ்ச சந்துல டயரச் சொருகுனா சத்தம் கொஞ்ச நாள் அடங்கும். ஆனா லாரி டயரு அமுங்காது தாயி. ஆட்டத்த வாங்கிக்கிறாம அப்பிடியே பாடிக்குத் தள்ளிவிட்டுரும். மத்த ரெண்டும் தாங்கித் தாங்கியே போச்சு. இம்புட்டு நாள் ஓடுனதே பெருசு."

இன்ஜினுக்கு அடியில் ஒரு மரக்கட்டை. அதன்மேல் ஜாக்கி. ஒரு நூல் அளவு தூக்கினார். பழையதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இரும்பு ஒரு பக்கம், ரப்பர் ஒரு பக்கம். நடுவில் நீ. புது மவுண்டிங் மூன்றையும் பொருத்தி, போல்ட்டை முழுக்க முறுக்காமல் விட்டார். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். "ஓடட்டும். அதுவா இடம் பாத்து உக்காரட்டும். அப்புறம் முறுக்குவம்." முன்சக்கரத்தின் ரப்பர் புஷ்களையும் மாற்றினார்; சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தபோது அவற்றை முறுக்கவில்லை. வண்டியை இறக்கி, அது தன் பாரத்தில் நின்ற பிறகுதான் முறுக்கினார்.

நான் கடையோரப் பெஞ்சில் இருந்தேன். இது சரியாகிவிட்டால் அம்மா வருவாள். அதே வாக்கியம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டேன். முதுகலையில் இரண்டு வருடம் மொழியைப் படித்தவளிடம் நேற்று மிச்சம் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

திரும்பி வரும்போது சாலை வேறு சாலையாக இருந்தது. ஸ்டியரிங்கில் வைத்த கை நடுங்கவில்லை. சமயநல்லூர் வரை அழுதுகொண்டே ஓட்டினேன். நிம்மதியில் என்றுதான் நினைத்தேன்.

இன்று காலை ஆறரைக்கு வண்டியை ஸ்டார்ட் செய்து வாசலில் விட்டேன். பின்கதவைத் திறந்து வைத்தேன். அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். செருப்புப் போட்டிருந்தாள். பானட்மேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

"ஓடுதா?"

"ஓடுதும்மா."

"ஓடுற மாதிரியே தெரியல."

"எல்லாம் மாத்தியாச்சு. ஏறும்மா, ஏழு மணிக்குப் பெட்டு."

அவள் டிரைவர் பக்கம் நடந்து போனாள். மூடியிருந்த கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். அதன் பிறகுதான் சொன்னாள்.

உன் கடைசி நாளைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்திருந்தது இவ்வளவுதான்: ஆஸ்பத்திரி வளாகத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டு, அம்மாவுக்காகக் காத்திருந்தாய். நாலு மணி நேரம் கழித்து அவளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் கதவருகே பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. நாற்காலியைத் தள்ளி வந்தவர் கார்க் கண்ணாடியைத் தட்டப் போனாராம். அம்மா தடுத்தாளாம். அசந்து தூங்குறான், கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று.

"தல ஆடிக்கிட்டு இருந்துச்சுடி. லேசா. தூக்கத்துல ஆடுற மாதிரி. வண்டி ஆடுச்சு, அவனும் ஆடுனான். உசிரோட இருக்கான்னு நெனச்சு நான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

கையைக் கண்ணாடியில் வைத்தாள்.

"அன்னைக்கு இது இப்பிடி அசையாம நின்னிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன்ல?"

 அவள் வருவதற்கு முன்னாலேயே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், கேட்டதற்கு அடையாளமாக. நம்பியதற்கு அல்ல. ஏறவும் முடியாமல், வீட்டுக்குள் திரும்பவும் முடியாமல், பின்கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு மணி கடந்தது.

நீ சொன்னது பொய் என்று நேற்று முழுக்கக் கோபமாக இருந்தேன். இப்போது கோபத்துக்கு இடம் இல்லை. 'மாத்தியாச்சு' என்று நீ சொன்னதும், சரி என்று நான் போனை வைத்ததும் ஒரே பேச்சின் இரண்டு பாதி. ஒருமுறை பானட்டைத் திற, படம் எடுத்து அனுப்பு என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நீ சிரித்து, திட்டி, கடைசியில் நிஜமாகவே மாற்றியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

அந்தப் பதினைந்து நிமிடத்தை அம்மா ஒரு மாதம் தனியாக வைத்திருந்தாள். இனி அதில் பாதி என்னிடம். அவளிடம் இருக்கும் பாதி எந்த விதத்திலும் குறையவில்லை என்பதையும் பார்க்கிறேன்.

மேலே உள்ள வரியோடு பேனாவை வைத்துவிட்டு வெளியே போனேன்; திரும்பி வந்து இதை எழுதுகிறேன். வண்டியை அணைத்தேன். படியில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, யூனிட்டுக்குப் போன் செய்தேன். மதியம் ஒரு மணிக்கு ஒரு பெட் காலியாகும் என்றார்கள். வருவீர்களா என்று கேட்டார்கள். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருகிறோம் என்று சொன்னேன்.