பெஞ்சின் வருகைப் பதிவு

அன்பு மகளுக்கு,

அம்மாவின் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாம் நலம், உனக்கு முழங்கால் உட்பட நலமாக இருக்கட்டும். சென்ற செவ்வாய் மாலை, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, தெருமுனை பெஞ்சில் இனி வலப்பக்கம் உட்காருவதில்லை, இடப்பக்கம்தான் என்று அம்மா முடிவெடுத்தாள். வரலாறு இதைக் குறித்துக்கொண்டதா தெரியாது, விளக்குக்கம்பம் குறித்துக்கொண்டது. நம் ஊரும் ஸ்மார்ட் சிட்டி ஆகிவிட்டதால் கம்பத்தில் ஆள் எண்ண ஒரு சின்னக் கண் வைத்திருக்கிறார்கள், அதற்கு இடப்பக்கம் மட்டும்தான் தெரியும் என்று விளக்கு பழுதுபார்க்க வந்தவர் சொன்னார். ஆகவே இத்தனை நாள் வலப்பக்கம் உட்கார்ந்த அம்மா அங்கே வந்ததே இல்லை. ஆள் வராத பெஞ்சுகள் அகற்றப்படும் என்று நகராட்சி தாள் ஒட்டியிருக்கிறது. நூலகத்துக்கு நானூறு அடி, அம்மாவால் ஒரே மூச்சில் இருநூறுதான் முடியும், நடுவில் உட்கார அந்தப் பெஞ்சை விட்டால் வேறு இல்லை.

இத்தகைய ஸ்மார்ட் நகரங்களைப் பற்றிய ஆய்வுகள் எந்தப் பக்கம் போகின்றன என்று நீ எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முன்பெல்லாம் கருவிகளைப் பற்றி எழுதியவர்கள் இப்போது மக்கள் பங்கேற்பைப் பற்றி எழுதுகிறார்களாம். சரியென்று பங்கேற்றோம். கீழ்வீட்டுத் தையல்காரர் பொத்தான் தைக்கும் வேலையைப் பெஞ்சுக்குக் கொண்டுவந்தார், எழுந்து எழுந்து உட்கார்ந்தால் ஒவ்வொரு முறையும் புது ஆள் என்று கண் எண்ணிக்கொள்ளும் என்பது அவர் கண்டுபிடிப்பு. "ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருக்கீங்களே சார், எந்திரிங்க" என்று என்னை விரட்டினார். தெருவே எழுந்து உட்கார்ந்தது. பொழுது சாயும் நேரத்தில் நீ இதைப் பார்க்க வேண்டும், ஆள் வந்தால் விளக்கு மலர்கிறது, போனால் மங்குகிறது, தெரு தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல. அம்மா புத்தகத்தோடு திரும்பும்போது வெளிச்சம் கம்பம் கம்பமாக அவளுக்கு முன்னால் நடந்து வருகிறது. "கம்பத்துக்கே என்னைத் தெரியுது, உங்க பொண்ணுக்குத்தான் போன் பண்ணத் தெரியல" என்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, திரையையே பார்த்துக்கொண்டிருக்காதே. அடுத்த கட்டுரையில் உட்காருவதைப் பற்றியும் ஒரு வரி எழுது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ண மறக்காதே. குறையொன்றுமில்லாமல் நீ நூறாண்டு இரு.

உன் அப்பா

பி.கு.: ஒரே பெஞ்சில் நாளொன்றுக்கு முந்நூறு பேர் கூடி நெரிசல் உண்டாவதாகச் சொல்லி இன்று காலை அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அம்மாவின் நூலகப் புத்தகங்களை நான் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.