மார்ச் ஏழுக்குப் பின் எட்டு நாள்

திண்டிவனம், 9 ஜனவரி 1938

நான் பாடம் நடத்தும் வகுப்பில் தொங்கும் உலகப் படத்தின் அடிப்பக்கம், தென்கோடிப் பனிக்கடலில், யாரும் பார்க்காதபோது பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். என் வீட்டுக்காரர் அங்கேதான் இருக்கிறார். விழுப்புரத்தில் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர், இப்போது திமிங்கில வேட்டைக் கப்பலின் பாய்லருக்கு அள்ளிப் போடுகிறார்.

போன தடவை திமிங்கில எண்ணெய்த் தொட்டி நிரம்பும்வரை கப்பல் திரும்பவில்லை. அவர் வந்தபோது எங்கள் தலைப்பிள்ளையைப் புதைத்து ஒன்பது நாள். முகம்கூடப் பார்க்கவில்லை.

இந்தத் தடவை, திமிங்கிலம் அற்றுப்போகாமல் இருக்க, பல தேசத்தார் லண்டனில் கூடிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். மார்ச் ஏழோடு வேட்டையை நிறுத்தியாக வேண்டும். "ஏப்ரல் மொத வாரம் வந்துடுவேன், மேரி" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஏப்ரல் நடுவில் பிரசவம்.

2 பிப்ரவரி

பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் சிரிக்கிறாள். "நடுக்கடல்ல யாரு பாத்துக்கினு இருக்கப்போறாங்க? எண்ணெய் ரொம்பாம கப்பலு திரும்புமா, டீச்சரம்மா?"

கப்பலிலேயே அதற்கென்று ஒரு இன்ஸ்பெக்டர் இருக்கிறார் என்று அடித்துச் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் பாதி நம்பிக்கைதான். இன்ஸ்பெக்டர்களை நான் பள்ளிக்கூடத்தில் பார்க்காததா?

26 பிப்ரவரி

கடிதம்! எண்ணெய் ஏற்றிப்போக வந்த கப்பலில் கொடுத்தனுப்பியிருக்கிறார். குட்டியோடு வந்த தாய்த் திமிங்கிலத்தை, ஈட்டி எறியும் பீரங்கிக்காரன் சுடாமல் விட்டானாம். அதுவும் சட்டமாம். வயிற்றைத் தடவிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு வரி: "இந்த ஒரு வருஷம் மட்டும் மார்ச் பதினைந்து வரை நீட்டியிருக்கிறார்கள். இப்படிக்கு, சவுரிராயன்."

எட்டு நாள் — யாரைக் கேட்டு நீட்டினார்கள்? கோட்டு போட்ட துரைமாரே, எட்டு நாள்ல என்னா என்னா ஆவும்னு ஒங்களுக்குத் தெரியுமா?

15 மார்ச்

இன்றோடு நிறுத்த வேண்டும். நிறுத்துவார்களா?

28 மார்ச்

கேப்டவுனிலிருந்து தந்தி. கப்பல் கரைக்கு வந்துவிட்டது. கெங்கம்மாளிடம் காட்டினேன். "அப்ப நெசமாவே நிறுத்திட்டானுங்களா!" என்று வாயைப் பிளந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

12 ஏப்ரல்

பெண் குழந்தை. தெருவே கேட்க அழுகிறாள். அவர் இன்னும் கடலில்.

17 ஏப்ரல், ஈஸ்டர்

காலை ரயிலில் வந்துவிட்டார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று தூளியைப் பார்த்தார். பிள்ளையைப் பற்றிக் கேட்கப் பயந்து கப்பல் கதையைச் சொன்னார். தொட்டி நிரம்பவில்லையாம். ஆனாலும் பதினைந்தாம் தேதியோடு பீரங்கிக்கு உறை போட்டுவிட்டார்களாம்.

"சுத்திவர திமிங்கிலம் மூச்சு உட்டுக்கினே இருந்துச்சு, மேரி. ஒருத்தனும் தொடல."

பிறகு, மெதுவாக: "இது... மூச்சு உடுதா?"

"கிட்ட வந்து காத வெச்சுப் பாருங்க."

வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.