சந்திப்பில் என் பெயர்

செப். 8, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மாலை மழை வருவதுபோல் இருட்டி, ஏமாற்றியது. கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம். இரண்டு செய்தி அனுப்பினேன். ஸ்கூட்டருக்குக் காற்று.

ஏழுமலை டீக்கடையில் நின்றிருந்தபோது பத்திரிகை ஆசிரியரிடமிருந்து போன். சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு வருகிறீர்களா என்கிறார். வாரம் ஒரு கட்டுரை, பெயர் போட்டு. வெள்ளிக்குள் பதில் வேண்டும்.

பெயர் போட்டு. இத்தனை வருடம் விழுப்புரத்திலிருந்து நான் எழுதியதெல்லாம் ‘நமது நிருபர்’ எழுதியதாகத்தான் வந்திருக்கிறது. வெட்டி வைத்துக் காட்டினாலும் நான்தான் எழுதினேன் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

வீட்டில் சாந்தியிடம் இன்னும் சொல்லவில்லை. திண்டிவனம் பள்ளியிலிருந்து களைத்து வந்தாள், முழங்கால் வலியோடு. நாளை சொல்லலாம். அதற்குள் இரு தரப்பையும் விசாரித்துவிடுவோம், செய்திக்குச் செய்வதுபோல.

போவதற்கு: பெரிய டாக்டர் என்றால் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ ஓட வேண்டும். உருப்படியான புத்தகக் கடை கிடையாது. ஒரு மழைக்கே தெருவில் சாக்கடை. மகள் சென்னையில்.

இருப்பதற்கு: கோர்ட், கலெக்டர் ஆபீஸ், ஆஸ்பத்திரி மூன்றையும் காலையிலேயே சுற்றிவிட்டு மதியம் வீட்டில் சாப்பிடலாம். கடல் பார்க்கத் தோன்றினால் புதுச்சேரி பஸ். எந்தத் திசைக்கும் ரயில். கீரை மண் ஈரம் காயாமல் வருகிறது.

சென்னை நண்பர்களுக்கு இது ரயிலில் தூங்கிக்கொண்டே கடக்கிற ஊர். தூங்கட்டும். இறங்கிப் பார்த்தவனுக்குத் தெரியும்.

செப். 9, செவ்வாய்

தூறல். மின்வெட்டு ஒரு மணி நேரம்.

நான்குமுனை சந்திப்பில் பத்தடி பேனர். என் படம். ‘சென்னை செல்லும் எங்கள் ரிப்போர்ட்டர் கு. செல்வராசு அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.’ கீழே ஏழுமலை டீ ஸ்டால், ஆட்டோ நிறுத்த நண்பர்கள்.

நேற்றைய போன். அந்தக் கடையில் நின்று பேசியது என் தவறு. காதுகுத்துக்கும் கண்ணாடிக் கடைத் திறப்புக்கும் பேனர் வைக்கிற ஊர், என்னை மட்டும் விட்டுவிடுமா? இதே சந்திப்பில் அனுமதியில்லாத பேனர்கள் வழியை மறைப்பதாக எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். என் பெயர் முதன்முதலாக அச்சில் வந்திருப்பது அப்படியொரு பேனரில்.

ஏழுமலையிடம் போனேன்.

“யோவ், நான் இன்னும் சரின்னே சொல்லலய்யா. கழட்டு.”

“இன்னா சார், வாழ்த்து பேனர வெச்ச அன்னிக்கே கழட்டுவாங்களா? ரெண்டு நாள் இருக்கட்டும். போட்டோ நல்லாத்தான கீது?”

யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படம். பக்கத்தில் ஒரு பட்டுப்புடவைத் தோள் தெரிகிறது.

போட்டிப் பத்திரிகைத் தம்பி போனில்: “அண்ணே, சந்திப்புல பேனர் தொல்லைன்னு ஒரு நியூஸ் போடட்டுமா? உங்க படத்தோட?”

மாலை சாந்தி. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். கூட வந்த டீச்சர், “சார் எலெக்‌ஷன்ல நிக்கிறாரா?” என்று கேட்டாராம்.

“டீக்கடைக்குத் தெரியுது, கட்டுனவளுக்குத் தெரியல.”

“நான் சொல்லல. போன்ல பேசுறத அவன் கேட்டுக்கினு இருந்து—”

“நீங்க நிதானமா முடிவு பண்ணுங்க. நான் பேனர்ல படிச்சிக்கிறேன்.”

சாப்பாட்டில் ரசம் நன்றாக இருந்தது. சொல்லத் தைரியம் வரவில்லை.

செப். 11, வியாழன்

நல்ல வெயில். நிலக்கடலை வரத்து பற்றி எழுதத் திண்டிவனம் மார்க்கெட். எங்கள் பக்கம் அது மல்லாட்டை. சாந்தியோடு காலை பாசஞ்சரில் ஏறினேன். தினமும் அங்கே பூ விற்கப் போகும் அம்மா, சீட்டில் கூடையை வைத்து அவளுக்கு இடம் போட்டிருந்தார். சாந்தியின் முழங்கால் அந்தப் பெட்டிக்கே தெரிந்த விஷயம். நான் நின்றேன்.

“சார், உங்களுக்கு இடம் போடல. நீங்கதான் மெட்ராஸ் போறீங்களே!”

பெட்டியே சிரித்தது. சாந்தியும். இரண்டு நாளில் முதல் முறை.

விக்கிரவாண்டி தாண்டியதும் கேட்டேன், உனக்கு என்ன வேண்டும் என்று.

“முட்டிக்கு மெட்ராஸ் நல்லதுதான். பொண்ணும் அங்க இருக்கா. ஆனா அந்தக் கூட்டத்துல எனக்கு யாரு கூடை வெப்பாங்க?” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “உங்க பேரு பேப்பர்ல வரணும்னு எத்தினி நாளா ஆசைப்பட்டுக்கினு இருக்கீங்க. என்னால கெட்டுதுன்னு ஆவக்கூடாது. நீங்க போனா நானும் வர்றேன்.”

மயிலம் போனது.

மார்க்கெட்டில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு விவசாயி என்னையே உற்றுப் பார்த்தார். அனந்தபுரத்துக்காரர்.

“எங்க ஏரி மதகு ஒடஞ்சத எழுதுனது நீங்கதான? பேரு தெரியாதுங்க. முட்டி வரிக்கும் சேத்தோட எறங்கி பாத்தீங்களே, அத மறப்பனா?”

மதகைக் கட்டிவிட்டார்களாம். இந்த மல்லாட்டை அந்தத் தண்ணீரில் விளைந்ததுதான் என்று ஒரு கை அள்ளி என் சட்டைப்பையில் போட்டார். பஸ்ஸில் உரித்துத் தின்றுகொண்டே வந்தேன்.

திருத்தம்: நான் எழுதியது யாருக்கும் தெரியப்போவதில்லை என்று திங்களன்று குறித்தது தவறு.

செப். 12, வெள்ளி

விடிகாலையில் நல்ல மழை. தெருவில் சாக்கடை. நாளைக்குச் செய்தி.

வீட்டிலிருந்தே ஆசிரியரிடம் பேசியிருக்கலாம். வேண்டுமென்றே ஏழுமலை கடைக்குப் போய், நடுவில் நின்று, உரக்கப் பேசினேன்.

“இல்லைங்க சார். நான் விழுப்புரத்திலேயே இருக்கேன்.”

ஏழுமலையின் கை டீ ஆற்றுவதை நிறுத்தியது. ஆட்டோக்காரர்கள் திரும்பினார்கள். ஒருவர் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தார்.

பெயர் போட முடியாதே என்று ஆசிரியர் வருத்தப்பட்டார். ‘நமது நிருபர்’ என்றே வரட்டும் என்றேன். இங்கே அது யாரென்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

டீக்குக் காசு வாங்கவில்லை ஏழுமலை. குடித்து முடித்து, சாந்திக்குச் சொல்லப் போனை எடுத்தேன். அவளே கூப்பிட்டுவிட்டாள். பின்னால் இடைவேளைக் கூச்சல்.

“போகலையாமே? பூக்காரம்மா ஸ்கூல் கேட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போறாங்க.”

அவள் குரலே மாறியிருந்தது. என் செய்தி எதுவும் இத்தனை வேகமாகத் திண்டிவனம் போய்ச் சேர்ந்ததில்லை.

“ஆமா,” என்றேன்.

“சரி. அந்த பேனர கிழியாம கழட்டச் சொல்லுங்க. கோலியனூர்ல என் தம்பியோட மல்லாட்டை நனைஞ்சிக்கினு கெடக்குது, மேல மூட ஆவும்.” பள்ளி மணி அடித்தது. “உங்க மூஞ்சி மேல்பக்கமா இருக்கட்டும். ரோட்ல போறவங்க பாக்கட்டும்.”