இரண்டு ரிங்

சாப்பாடு அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது. எதிர்வீட்டு அக்காவுடன் ஸ்கேன் எடுக்கப் போகிறேன். பின்மண்டை வலி இன்னும் குறையவில்லை. உங்களை எழுப்பவில்லை, எழுப்பினால் பேச்சு வளரும்.

ஒரு ரிங் என்றால் ஆபீஸிலிருந்து கிளம்பிவிட்டேன், இரண்டு என்றால் உலை வையுங்கள். பேசினால் காசு என்று கல்யாணமான புதிதில் நீங்கள் போட்ட சட்டம். பேச்சுக்குத் தனிக் காசில்லாத இந்தக் காலத்திலும் மாறவில்லை.

நேற்று ஆபீஸ் படிக்கட்டில் விழுந்து கிடந்தபோதும், பழக்கதோஷத்தில் என் விரல் இரண்டாவது ரிங்கில் கட் பண்ணிவிட்டது. மறுபடி கூப்பிட்டேன். முழுக்க அடித்து ஓய்ந்தது.

"வீட்ல யாரும் இல்லையாம்மா?" என்றார் வாட்ச்மேன்.

இல்லை என்றேன். இருந்தும் எடுக்கமாட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை.

தலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், "சாதம் சூடா இருக்கு, உக்காரு" என்கிறீர்கள். உங்கள்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

ஸ்கேன் முடிந்ததும் கூப்பிடுவேன். எடுங்கள்.

பி.கு.: எத்தனை ரிங் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். டாக்டர் சொல்லப்போவதற்கு நாம் ரிங் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.